ஸ்லைடு ரூலில் பெட்ரோல் தொடாதே

திண்டுக்கல்
3-3-1966, இரவு

அன்புள்ள சௌந்தருக்கு,

அம்மா எழுதுவது. மணி பன்னிரண்டாகப் போகிறது, இந்நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, படுத்தும் தூக்கம் வரவில்லை. இங்கே டிரான்சிஸ்டரைத் தவிர எல்லோரும் சுகம், கரக்பூரில் நீயும் நீ கணக்குப் போடுகிற அந்த ஸ்லைடு ரூலும் சுகமாக இருக்க வேண்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. பதினாலாம் தேதி பரீட்சை, ரூலின் நடுப்பட்டை இறுகி நகர மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். நானும் உடனே பூட்டுப் பட்டறை பாஸ்கல் அண்ணனிடம் போய், சறுக்கி ஓடுகிற சாமான் இறுகிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பெட்ரோலால் துடைத்து மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடு என்று திங்கட்கிழமை உனக்குக் கடிதம் போட்டேன்.

இன்று சாயங்காலம் டிரான்சிஸ்டரில் ஸ்டேஷன் முள் நகரவில்லை. உனக்குச் சொன்ன வைத்தியம்தானே என்று பெட்ரோல் துணியால் முகப்பு பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் துடைத்தேன், செத்த நேரத்தில் பால் மாதிரி வெளுத்து இழை இழையாய் வெடித்துவிட்டது. ரேடியோவுக்குக் கண்புரை விழுந்திருச்சும்மா என்று உன் தங்கை சிரிக்கிறாள். பாஸ்கல் அண்ணனிடம் ஓடினால், நான் பித்தளைத் தாழுக்குல்ல சொன்னேன், பிளாஸ்டிக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே தாயி என்கிறார். சொல்லவில்லைதான். இந்த ஊரில் இறுகிப்போன சாமான் என்றாலே பூட்டு, என் புத்தியும் அப்படியே போய்விட்டது, இன்டர்மீடியட்டில் கெமிஸ்ட்ரி படித்து என்ன பிரயோசனம். ரேடியோ ரிப்பேர் கிதர் முகம்மதுதான் விவரம் சொன்னார். பிளாஸ்டிக்ல பல தினுசு இருக்குங்க, ஒண்ணுக்கு ஒத்துக்கிறது இன்னொண்ணைக் கரைச்சிரும், எதுன்னு தெரியலேன்னா சோப்புத் தண்ணியோட நிறுத்திக்கங்க என்றார். உன் ரூலில் எண் போட்ட முகம் ஒரு தினுசு, மேலே ஓடுகிற கண்ணாடி மாதிரித் தகடு வேறு தினுசு பிளாஸ்டிக். அதனால் பெட்ரோல், ஸ்பிரிட், நகப்பூச்சு அழிக்கிற மருந்து எதுவும் கிட்டே வரக்கூடாது, எண்ணெயும் வேண்டாம், அழுக்கு ஒட்டும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடை, நிழலில் காயட்டும், பிறகு கொஞ்சம் முகப்பவுடர் தூவி நகர்த்திப் பார், பலவந்தம் பண்ணாதே.

ரூலில் பெட்ரோல் தொடாதே என்று தந்தி கொடுக்க விடிந்ததும் தந்தி ஆபீசுக்குப் போகிறேன். ஒரு குச்சிக்குத் தந்தியா, புள்ளை யாருக்கு என்னமோன்னு பதறிருவான் என்று உங்கப்பா சத்தம் போடுகிறார். பதறியிருந்தால் அம்மாவைப் பொறுத்துக்கொள். என் முந்தின கடிதம் நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும், அம்மா சொன்னாளென்று அப்படியே செய்கிற பிள்ளை நீ, அதுதான் பயம். செய்துவிட்டாயானால் மறைக்காதே, பரீட்சைக்கு யாரிடமாவது இரவல் கேட்டு வை.

தாடிக்கொம்புப் பெருமாள் உனக்குத் துணை இருப்பார். ராத்திரி பட்டினி கிடக்காதே. பெட்ரோல் தடவினாயா இல்லையா என்று ஒரு கார்டில் உடனே எழுதிப் போடு.

உன் அம்மா