பென்னலூருக்குப் போன பதினோரு தட்டு

வல்லம் வடகால்,
24-8-2025, ஞாயிறு.

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. வல்லக்கோட்டை முருகன் புண்ணியத்தில் இங்கே நான், அம்மா, அண்ணன், அண்ணி, வாலு பேத்தி தென்றல் ஐந்து பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். கொரியாவில், உல்சானில் நீயும் மாப்பிள்ளை விமல்ராஜும் அதே மாதிரி, சண்டையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சுகமாக இருக்க வேண்டும்.

தினமும் போனில் பேசுகிற அப்பா திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த உறையில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு காகிதங்கள் இருக்கின்றன, அவற்றைக் கூரியரில்தான் அனுப்ப முடியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கர்ப்பப்பை, கரு, வாடகைத்தாய் என்றெல்லாம் உன்னிடம் வாய்விட்டுப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் "சாப்பிட்டியாம்மா" என்பதற்கு மேல் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. எழுதினால் வருகிறது. அதனால் பொறுமையாகப் படி, மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

வியாழக்கிழமை நீ அம்மாவிடம், "வேணாம்மா, அண்ணி எனக்காவக் கோர்ட்டு வரைக்கும் வந்து நிக்கணுமா, எனக்குக் கொழந்த இல்லன்னா இல்ல, எல்லாத்தையும் வுட்டுடுங்க" என்று சொன்னது கூடத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. உன் அண்ணன் தமிழ்வாணன் "அப்பா கோர்ட்ல சொதப்பிட்டாரு" என்று ஒரு வரி மெசேஜ் போட்டு உன்னைப் பயமுறுத்திவிட்டான். சொதப்பினது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் நடந்த முழுக்கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

நீங்கள் லீவில் வந்துவிட்டுப் போன பிறகு உன் அம்மா ஒரு யோசனை சொன்னாள். அண்ணி சுபஸ்ரீ தானே முன்வந்து உன் குழந்தையைச் சுமக்கிறேன் என்று சொல்லிவிட்டாள், சரி. ஆனால் அவளைப் பெற்றவர்களிடம் முறையாகப் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெறுங்கையோடு போய்ப் பழக்கம் இல்லாத குடும்பம் நம்முடையது. ஆகவே வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, பெண் கேட்கப் போகிற மாதிரியே, பதினோரு வரிசைத் தட்டு எடுத்துக்கொண்டு ஒரு வேனில் அவள் பிறந்த ஊரான பென்னலூருக்குப் போனோம். பழம், பூ, வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை, வேட்டி, இனிப்பு எல்லாம் வைத்து, நடுத்தட்டில் இரண்டு சவரன் சங்கிலி. மேளம் ஒன்றுதான் பாக்கி. சம்பந்தி தேவநாதன் வாசலில் நின்று, "இன்னா சம்பந்தி, குடுத்த பொண்ணயே திரும்பக் கேக்க வந்துகீறீங்களா?" என்று சிரித்தார். அங்கேயே சுபஸ்ரீ கழுத்தில் அம்மா சங்கிலியைப் போட்டாள், எல்லோரும் அட்சதை போட்டோம், விருந்து சாப்பிட்டுவிட்டு நிறைவோடு வந்தோம். வீட்டு வழக்கப்படி சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் எதற்கு இந்தச் செலவு என்று திட்டுவாய் என்று பயம்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் நம் மனு விசாரணைக்கு வந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கு நீங்கள் இருவரும்தான் தாய் தகப்பன் என்று மாஜிஸ்ட்ரேட் முன்கூட்டியே உத்தரவு கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும். வக்கீலம்மா சந்திரலேகா எங்களை வரிசையாக நிறுத்தி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட்டும் ஒரு அம்மாதான், நல்ல பொறுமைசாலி. அண்ணனிடம் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தப் பெண்ணுக்கு இதற்காக ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது கலை. மருமகளைச் சும்மா பயன்படுத்திக்கொள்கிற வீடு என்று நினைத்துவிட்டார்களே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சும்மா கேக்கலீங்கம்மா, பதினோரு தட்டு வரிசை, ரெண்டு சவரன் சங்கிலி, பட்டுப்பொடவ, எல்லாம் மொறப்படி செஞ்சுகினுதான் கேட்டோம்" என்றேன். சந்திரலேகா அம்மா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

பிறகுதான் தெரிந்தது. சட்டப்படி, சுமக்கிற பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவும் இன்சூரன்சும் தவிர வேறு எதுவும் கொடுக்கக்கூடாது. பணமும் கூடாது, நகையும் கூடாது, பரிசு என்ற பெயரிலும் கூடாது. கொடுத்தால் அது விலை பேசியதாகிவிடும், மனு அதோடு போய்விடும், கேஸும் வரலாம். இதை வக்கீலம்மா எனக்கு முன்பே சொன்னாராம். காசு கொடுக்கக்கூடாது என்றுதான் என் காதில் ஏறியது. வரிசைத் தட்டைக் காசு என்று யாராவது நினைப்பார்களா, நீயே சொல்லு. இருபது வருஷம் கம்பெனி ஸ்டோரில் ஒரு திருகாணி கணக்குப் பிசகாமல் பார்த்தவன், என் மகள் விஷயத்தில் இப்படி வாயைக் கொடுத்துவிட்டேனே. வாடகைத்தாய்க்குச் சட்டம் வைத்திருக்கும் வயது வரம்பு அண்ணிக்குக் கார்த்திகையோடு முடிகிறது. இந்த மனு தள்ளுபடியானால் மறுபடி போட்டு, அலைந்து, அதற்குள் நாள் தாண்டிவிடும். என் வாயாலேயே உன் குழந்தையைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, வக்கீலை மட்டும் வைத்துக்கொண்டு சுபஸ்ரீயிடம் தனியாகக் கேட்டார். உள்ளே நடந்ததை அப்புறம் சந்திரலேகா அம்மா ஒரு வார்த்தை விடாமல் சொன்னார், நானும் அப்படியே எழுதுகிறேன். சங்கிலி எங்கே என்று கேட்டதற்கு, "அது அத்தையோட சங்கிலி மேடம். அன்னிக்குக் கழுத்துல போட்டாங்க. எங்க கம்பெனில நக போட்டுக்கினு லைனுக்குள்ள போவ முடியாது, கேட்லயே கழட்டச் சொல்லுவாங்க. அன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்டு, சாயந்தரமே கழட்டி அத்த கைல குடுத்துட்டேன். அவங்க பீரோவுலதான் கீது" என்றாளாம். உண்மைதான், உன் அம்மா அதைத் தன் பழைய வளையலோடு சுருட்டி வைத்திருக்கிறாள். வீட்டில் யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "பயந்தான் மேடம். தென்றலுக்கும் பயந்துகினுதான் பெத்தேன். என்ன ஆரும் கேக்கல, நாந்தான் கலைகிட்ட மொதல்ல சொன்னேன்" என்றாளாம். பிறகு அந்த அம்மா, உனக்கு இதில் என்னதான் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேள்: "எங்க கம்பெனில பக்கத்து லைன்ல மிஷின் நின்னுட்டா அவங்க மாடல எங்க லைன்ல ஏத்தி ஓட்டிக் குடுப்போம் மேடம். ஓட்டுன பீஸ் கவுண்ட்டு அவங்க லைனுக்குத்தான் போவும். அதுக்கு எங்களுக்கு இன்சென்டிவ்லாம் கெடையாது. நாளைக்கு எங்களுது நின்னா அவங்க ஓட்டுவாங்க. அவ்ளோதான்." மாஜிஸ்ட்ரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். கருவை வைக்கிற நாள் வரைக்கும் வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அவளுக்கு இரண்டு தரம் எடுத்துச் சொன்னாராம். எனக்கு அது மிகவும் பிடித்தது. நம் வீட்டுப் பெண்ணுக்காக இப்படி ஒருவர் பேச வேண்டும்.

மனு தள்ளுபடியாகவில்லை, பயப்படாதே. கொடுத்தது எல்லாம் திரும்பி வந்துவிட்டது, இனி எதுவும் கொடுக்கமாட்டோம் என்று நாங்களும் நீங்களும் சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, செப்டம்பர் பத்தொன்பதுக்கு வாய்தா போட்டிருக்கிறார். சம்பந்தி விஷயத்தைக் கேட்டதும் மறுநாளே பதினோரு தட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். புடவை, வேட்டி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. பழமும் இனிப்பும் அவர்கள் வைகாசியிலேயே சாப்பிட்டுத் தீர்த்தாகிவிட்டது, ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் புதிதாக வாங்கித் தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். வாழைப்பழத்தை எல்லாம் கோர்ட் கேட்காது சம்பந்தி என்றேன். "சட்டம்னா சட்டந்தான், நாளைக்கு எம்பொண்ணு வாழப்பழம் வாங்கிகினான்னு பேரு வரக்கூடாது" என்று, எல்லாம் திரும்பி வந்ததாக என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் போனார். மூன்று நாளாக வீட்டில் மூன்று வேளையும் வாழைப்பழம்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் காகிதம் நான் சொன்ன சத்தியப் பத்திரம், அதை வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடாதே. சியோலில் நம் தூதரகத்துக்கு இருவரும் பாஸ்போர்ட்டோடு போய், அதிகாரி கண்ணெதிரில் போட்டு முத்திரை வாங்கி, வாய்தாவுக்கு முன்பே எனக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். அதில் ஒரு பத்தி இருக்கிறது. ஆணோ பெண்ணோ, ஒன்றோ இரண்டோ, குறையோடு பிறந்தாலும் சரி, குழந்தையை எந்தக் காரணத்துக்கும் கைவிடமாட்டோம் என்று. அதை மட்டும் இருவரும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உனக்கு வாடகைத்தாய் தேவை என்று மாவட்ட மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழின் அசல் பச்சை ஃபைலில் என்னிடம் இருக்கிறது, அதைத் தேடாதே. பத்தொன்பதாம் தேதி நீங்கள் இருவரும் கோர்ட்டில் நேரில் நிற்க வேண்டும், மாப்பிள்ளையை இப்போதே லீவ் எழுதிக் கொடுக்கச் சொல். உத்தரவு கைக்கு வந்ததும் தகுதிச் சான்றிதழுக்கு மனு, அதோடு அண்ணிக்கு மூன்று வருஷ இன்சூரன்ஸ், அது பிரசவத்துக்கு அப்புறம் வரும் தொந்தரவுக்கும் சேர்த்து. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. உங்கள் இருவருடைய கரு மூன்று அங்கே பத்திரமாக இருக்கிறது, நான் மாதம் ஒரு தரம் போன் பண்ணி விசாரிக்கிறேன், ரிசப்ஷன் பெண்ணுக்கு என் குரலே பழகிவிட்டது. முதல் தடவையே தங்கிவிடும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்.

ஊரில் கேட்கிறார்கள்தான். அண்ணன் பெண்டாட்டி வயிற்றில் தங்கச்சி பிள்ளையா என்று டீக்கடையில் ஒருவர் இழுத்தார். கரு அவர்களுடையது, இவள் சுமந்து கொடுக்கிறாள், உனக்குப் புரியவில்லை என்றால் டீயைக் குடி என்று சொல்லிவிட்டேன். தென்றல்தான் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். "அத்த பாப்பா எங்கம்மா வயித்துல வளந்துட்டு பிளேன்ல போயிடும்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, டீச்சரே அண்ணியைக் கூப்பிட்டு வாழ்த்தினாராம்.

வரும்போது அண்ணிக்கு ஒன்றும் வாங்கி வராதே. செயின், வாட்ச், போன், முகத்துக்குப் பூசுகிற கொரியா க்ரீம், எதுவும் வேண்டாம். உனக்குக் கை பரபரக்கும், எனக்கும்தான் பரபரக்கிறது. மருமகளுக்கு ஒரு முழம் பூ வாங்கி வரக்கூட இப்போது வக்கீலுக்குப் போன் பண்ணுகிறேன். அண்ணியின் கடனை எப்படித் தீர்ப்பது என்று நீ குமைவது எனக்குத் தெரியும். அவள் கொடுப்பதற்கு ஈடு கிடையாது கலை, அதனால்தான் எதுவும் கொடுக்காதே என்று சட்டமே சொல்கிறது போல. வாங்கிக்கொள். வாங்கிக்கொள்வதும் பெரிய மனசுக்காரர்கள் செய்கிற வேலைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் வருவதற்குள் ரத்தத்தில் இரும்புச் சத்து பார்த்துவிடு. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். அம்மா உங்கள் இருவருக்கும் வல்லக்கோட்டை விபூதி வைத்திருக்கிறாள், பொட்டலத்தைப் பார்த்துப் பிரி. தீர்க்காயுசோடு, மனக்குறை இல்லாமல், வீடு நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

ஒன்று மறக்காதே. இரண்டாவது காகிதம் ஆஸ்பத்திரிப் படிவம். உன் பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாக் கட்டத்தையும் நான் பென்சிலால் நிரப்பி வைத்திருக்கிறேன், அதன் மேல் நீலப் பேனாவால் எழுதினால் போதும். இரண்டு வருஷத்துக்கு முன்பு உனக்கு ரத்தம் நிற்காமல் போனபோது, மாப்பிள்ளை ஊர் திரும்பும் விமானத்தில் இருந்தார். கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் என்று டாக்டர் நீட்டிய காகிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இதுவரை அதை உன்னிடம் சொன்னதில்லை. உன்னைக் கேட்காமல் போட்ட கையெழுத்து அது. அதனால் இந்தப் படிவத்தில் 'குழந்தையின் தாய்' என்று இருக்கும் கட்டத்தை நான் பென்சிலாலும் தொடவில்லை. அங்கே நீதான் எழுத வேண்டும் அம்மா. எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
கன்னியப்பன்