வாசல் கம்பத்தில் மஞ்சள் கோடு

மருமகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. பேத்திக்கு என் மூக்கு.

எங்கள் ஊரைச் சுற்றி எளிதான நடைவழிகள் போடுகிறார்கள். வழி தவறாமலிருக்க, மரத்திலும் கம்பத்திலும் இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே மஞ்சள் கோடு தீட்டுகிறார்கள். நேற்று, கோடு தீட்டும் போகுமில் என்ற பையன் பெயின்ட் டப்பாவோடு என் வாசலுக்கு வந்தான்.

"முழங்கால் வலிக்காரங்களும் நடக்கலாம், பாட்டி."

"எனக்கேதுடா வலி? மேயர் வீட்டுல போய்ப் பூசு."

"ரயிலடியிலேர்ந்து குழந்தை வண்டியைக்கூடத் தள்ளிட்டு வரலாம். ஒரு படி கிடையாது."

"அப்படின்னா ரெண்டு தடவை பூசு. மழையில அழியக் கூடாது."

உங்கள் கல்யாணத்தோடு என் மகன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு வழி தெரியும்; கோடு உனக்குத்தான்.

வரச் சொல்லி எழுதவில்லை. ரயிலடியில் இறங்கினால் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
குழந்தையின் பாட்டி