புதுவயலில் புது ஓட்டு

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இன்று செல்வராசு மில்லுக்கு வந்தார். கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறவர். இந்த அரிசி மில்லில் நான் மேனேஜராகி எத்தனையோ வருஷமாகிறது, ஒருநாளும் அவர் உள்ளே வந்ததில்லை. வடக்கேயிருந்து வருகிறவர்கள் நம் பிழைப்பைப் பறிக்கிறார்கள் என்று போன மாதம் மேடையில் தொண்டை கிழியப் பேசியவர், இன்று எங்கள் மில்லில் வேலை பார்க்கிற ஒடிசா ஆட்களுக்கு இனிப்பு கொடுத்துத் தோளில் கை போட்டார்.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவுக ஓட்டெல்லாம் இங்குட்டு மாறிருச்சா?"

"ஏன் கேக்குறீக?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவர். இது வானம் பார்த்த பூமி. நம் பிள்ளைகள் சிங்கப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முன்பெல்லாம் எந்தத் தெருவில் எந்தச் சாதி அதிகம் என்று பார்த்துத்தான் வேட்பாளரை நிறுத்துவார்கள். இப்போது தெருவில் ஆள் குறைந்துவிட்டது, மில்லில்தான் ஆள் இருக்கிறது. அதனால்தான் இனிப்பு.

சாயங்காலம் பிகாஷ் வந்து நின்றான். ஒடிசா ஆட்களில் ஒருவன், லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் மகள் இங்கேதான் பள்ளியில் தமிழ் படிக்கிறாள்.

"அண்ணே, என் ஓட்டை இங்க மாத்தச் சொல்றார் அவர். மாத்தவா?"

"பொறு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

ஓட்டு அவனுடையது. அதில் நான் யோசிக்க என்ன இருக்கிறது? செல்வராசு எதற்கு வந்தார் என்பது புரிகிறது. நம் ஊரில் தனக்கும் ஓட்டு என்று பிகாஷ் கேட்டதும் எனக்கு ஏன் சுருக்கென்றது என்பதுதான் பிடிபடவில்லை. காலையில் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும்.