ஒன்றரை மணி நேரம்தானே

ஞாயிறு, 11:30
சரக்குக் கலம் குறிஞ்சி-4. விமானி இசக்கியம்மாள். சரக்கு: ஆக்சிஜன், நாற்பது உருளைகள். கரும்பாறை நிலையத்தில் இருக்கும் ஆறு பேருக்கு இன்று நள்ளிரவு வரைதான் மூச்சு. தூரம் 6,48,000 கி.மீ. என்ஜின் ஓடுகிறது, முடுக்கம் சீரானது: நொடிக்கு நொடி வேகம் இரண்டு மீட்டர் கூடும். பாதி வழியில், 16:30க்கு, கலத்தைத் திருப்பி அதே அளவில் பிரேக் பிடிக்க வேண்டும். 21:30க்கு நிலையத்து வாசலில் நிற்பேன்.

14:10
எல்லாம் ஒழுங்கு. கலத்தைத் திருப்பும் பூட்டு மட்டும் என் கையில் இல்லை. இயக்குநர் சுந்தரவரதன் கீழேயிருந்து குறியீடு அனுப்ப வேண்டும். விமானியை நம்பாத மேதைகள் செய்த ஏற்பாடு.
நிலையத்திலிருந்து எஞ்சினியர் ஜெபராணி பேசினாள். கருவாடு உண்டா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். வாசலில் வைத்துக் கொடுக்கலாம் என்று ஆசை.

16:31
கலத்தைத் திருப்புவதற்காக என்ஜின் தானே அணைந்தது. வேகம் நொடிக்கு 36 கி.மீ. குறியீடு வரவில்லை. இயக்குநரிடமிருந்து இதுதான் வந்தது:
“ஞாயித்துக்கிழமைம்மா. நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம். போன தடவை அதுல திருப்பித்தான் ஆன்டெனா போச்சு. ஆறு மணிக்குத் திருப்பிக்கலாம். பதினொரு மணிக்குப் போய்ச் சேருவீங்க. ஒன்றரை மணி நேரம் லேட்டு, அவ்வளவுதானே?”

16:50
கத்திப் பார்த்தேன். என்ஜின் அணைந்தால் கலம் நிற்காது, இதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும் என்றேன். பிரேக் பிடிக்க எனக்கு இருப்பது 3,24,000 கி.மீ. அதில் 1,94,400ஐ இவர் பஞ்சாங்கம் தின்றுவிடும். இருபது வருட அனுபவம் என்றார். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு ஐயா இது, அனுபவம் எதற்கு? பூட்டை உடைத்தால் என்ஜின் நிரந்தரமாக முடங்கும். உட்கார்ந்திருக்கிறேன்.

18:00
குறியீடு வந்தது, வாழ்த்துகளோடு. திருப்பிவிட்டேன், முழு பிரேக். நிலையத்தில் மோதாமலிருக்கப் பாதையைச் சற்று விலக்கினேன். அவர் சொன்னது சரிதான், பதினொரு மணிக்கு நிற்பேன். நிலையத்தைத் தாண்டி 1,94,400 கி.மீ. தள்ளி. திரும்பி வர எரிபொருள் இல்லை.

18:40
ஜெபராணி: “அக்கா, ஜன்னல்ல உங்க வெளிச்சம் தெரியுது. சீக்கிரமே வந்துட்டியளே. எல்லாரும் கை தட்டுதாவ.”
உண்மையைச் சொன்னேன்.
“கொஞ்சம் மெதுவா வர முடியாதாக்கா?”

19:07
கடந்துவிட்டேன். நொடிக்கு 27.9 கி.மீ. ஜன்னலில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம் முன்னதாகவே வந்தேன். நிற்கத்தான் முடியவில்லை.

19:30
சுந்தரவரதன்: “பதிவுல ராகு காலம்னு எழுதிடாதீங்கம்மா. தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க.”
இதைக் கண்டெடுப்பவருக்கு: ராகு காலம் என்றே எழுதியிருக்கிறேன்.

23:00
வேகம் பூஜ்யம். முதுகுக்குப் பின்னால் நாற்பது உருளைகள். ஒருத்திக்கு வருடக்கணக்கில் போதும்.
பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறாள் ஜெபராணி. கருவாடு கொண்டுவந்ததைச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.