வாரேன் என்று சொல்லிவிட்டேன்

14-3-1974, வியாழன். காரைக்குடி.

பள்ளத்தூரில் நான் வாராவாரம் பார்த்துவந்த குழந்தை முந்தாநாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. இன்று அந்த வீட்டுக்குப் போனேன். தாய் சிவகாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு எழுந்தேன்.

ஒரு வீட்டுக்குப் போனால், அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது எம்.எஸ்ஸி. நர்சிங்கில் எங்களுக்குப் பாடம். வாய் பழகிவிட்டது. "செவ்வாக்கிழம வாரேன்" என்றேன்.

சிவகாமியின் மாமியார் வெடுக்கென்று திரும்பினார். "எழவு வீட்டுல வாரேங்கிறீகளே, இன்னொண்ணு விழணுமா?"

நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் பதறக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

செருப்பைப் போடும்போது சிவகாமி பின்னாலேயே வந்தாள்.

"நெசமா வாரீகளாக்கா? இங்குட்டு யாரும் பிள்ள பேச்சையே எடுக்க மாட்டேங்கிறாக."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நாளையோடு இங்கே களப்பயிற்சி முடிகிறது. செவ்வாய்க்கிழமை நான் கல்லூரியில் இருப்பேன். உலக நாடுகளில் சிசு மரணம் பற்றி வகுப்பில் பேச வேண்டும். எல்லாம் தயார். தலைப்பு, வரைபடம், முடிவுரை.

அவளிடம் இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.