"அது ஏன்?"

என் தொணதொணப்புக்கார அப்பாவுக்கு,

எந்தக் கம்ப்யூட்டராலும் சீக்கிரம் போட முடியாத கணக்கு ஒன்று உண்டு என்ற என் நிரூபணத்தைப் பேராசிரியர் இன்று பாதியிலேயே நிறுத்திவிட்டார். "இது ஏன் உண்மை?" என்றார். அவர் காட்டிய வரியில் பெரிய ஓட்டை.

ஆராய்ச்சிக்கென்று இந்த ஊருக்கு வருமுன், வீட்டிலிருந்து கணிதத்தில் முதுகலை படித்தபோது எல்லா நிரூபணத்தையும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, கணக்கே பிடிக்காத நீங்கள், "அது ஏன்?" என்று குடைவீர்கள். "சும்மா இருங்க, உங்களுக்குப் புரியாது" என்று எரிந்து விழுவேன். பிறகு உட்கார்ந்து பார்த்தால் சில சமயம் அங்கேதான் ஓட்டை இருக்கும்.

இந்த நிரூபணத்தையும் போன வாரம் போனில் சொன்னேனே. எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றீர்கள். நான் களைத்திருப்பேன் என்று விட்டுவிட்டீர்களா, அலுத்துவிட்டதா? இப்போதெல்லாம் "சாப்பிட்டியா"வுக்குப் பிறகு நமக்குள் அந்தச் "சரிம்மா"தான் மிஞ்சுகிறது.

போகட்டும், ஓட்டையை நான் அடைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, இந்த லீவுக்கும் வர முடியாது என்று வழக்கம்போல ஆரம்பிப்பேன். தயவுசெய்து "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள். வராமல் இருக்க என்னிடம் காரணமே கிடையாது. கேட்டால் அடுத்த வண்டியிலேயே ஏறிவிடுவேன்.

உங்கள்
கணக்குப் பைத்தியம்