பெனன் இறக்கம்

உங்களுக்கு,

கண்டியில் மழை விட்டு இன்றுதான் வெயில் எட்டிப்பார்த்தது. துணிகளைக் காயப்போடலாம் என்று அலுமாரியைத் திறந்தால் உள்ளே கடல் வாசம். மகளின் மழைக்கோட்டிலிருந்து வந்தது. அவள் ஊரில் நான் போட்டுத் திரிந்து, திரும்பும்போது என் பையில் அவள் திணித்துவிட்ட கோட்டு. துவைத்துத்தான் மடித்தேன், உப்பும் பாசியும் கலந்த அந்த வாடை மட்டும் போகவில்லை. கடலே இல்லாத ஊரில், ஹந்தானை மலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் நம் அறையில், அதை முகத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட ஸ்கொட்லாந்துக்கு நான் போய்வந்துவிட்டேன். நீங்கள் இல்லாமல்.

ஹுன்னஸ்கிரிய பாதையில் ஒருமுறை பனிமூட்டத்துக்காக, டூரிஸ்ட்காரரை ஏற்றிப்போகும் உங்கள் வானை ஓரம் நிறுத்தியிருந்தீர்கள். பின்னால் இருந்த ஸ்கொட்லாந்துத் தம்பதி, தங்கள் ஊரும் இப்படித்தான், பக்கத்தில் கடல் மட்டும் கூடுதலாக இருக்கும் என்றார்களாம். அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி அதையே பேசினீர்கள். “மலை அப்படியே கடல்ல போய் முடியுமாம். அங்கயும் நம்ம மாதிரி இடப்பக்கந்தான் ஓட்டுறாங்களாம். ஒரு தடவ அந்த ரோட்ல நா ஓட்டணும்.” வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு ஊர் காட்டியவர் நீங்கள். உங்களுக்கென்று கேட்ட பயணம் அது ஒன்றுதான்.

மகள் கல்யாணமாகி அபர்டீனுக்குப் போனதும் அந்தப் பயணம் பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது. முதலில் கொரோனா வந்து வீட்டுக்குள் அடைத்தது. பிறகு பெட்ரோல் கியூ. வானுக்குள்ளேயே படுத்து எழும்பினீர்கள். அதுவும் ஓய்ந்தபோது உங்கள் வயிற்றுவலி தொடங்கியிருந்தது. “அடுத்த சம்மருக்குப் போவோம்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். வெளியே டொக்டர் என்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாம் முடிந்த பிறகு மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டு ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, சாம்பல் நிறக் கல் வீடுகளைப் பார்த்தபடி நாட்களைக் கழித்தேன். ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, “காரை எனக்குக் கொஞ்ச நாளைக்குக் கொடு” என்றேன்.

“எங்கம்மா போகணும்? சனிக்கிழமை நா கூட்டிட்டுப் போறேன்.”

“தனியாப் போறேன். கடற்கரையோரமா, வடக்க.”

“உங்களுக்கு என்ன பைத்தியமாம்மா? கண்டியில ஒபிசுக்கும் மார்க்கட்டுக்கும் ஓட்டினதுதானே!”

“அப்பா ஓட்டணும்னு சொன்ன ரோடு அது. வேற யாரு ஓட்டுறது?”

அவள் அன்று மாலையே இன்சூரன்சில் என் பெயரைச் சேர்த்துவிட்டு, சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

வடக்கே போகும் வழியில், பீட்டர்ஹெட் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் அடுக்கடுக்காய் நின்றன. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் புல்வெளி, மறுபக்கம் அறுத்துவிட்டது போல நிலம் முடிந்து கீழே கடல். சில இடங்களில் ஒரு கார் மட்டுமே போகலாம். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்கிறார்கள். நீங்கள் பார்த்திருந்தால் நம் கண்டி பஸ்காரர்கள் எல்லாரையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பீர்கள்.

பெனன் என்று ஒரு ஊர். ஊர் என்ன ஊர், பாறைச் சரிவின் காலடியில் கடலைப் பார்த்து ஒரே வரிசை வெள்ளை வீடுகள், அவ்வளவுதான். அதற்கு இறங்கும் பாதை செங்குத்தாகச் சரிந்து, வளைந்து கீழே போகிறது. முதல் கியரில் இறங்கினேன். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிப்பீர்களே! “பாத்து, பாத்து” என்பீர்கள். “நீங்களே ஓட்டுங்க” என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! அந்த வளைவில் சக்கரம் சரளைக்கல்லில் லேசாக வழுக்கியது. என்னையறியாமல் உங்கள் காலைப் பார்க்க இடப்பக்கம் திரும்பினேன். கால்மிதியில் ஒரு ஈரக் குடை கிடந்தது.

கீழே போய்க் காரை நிறுத்தினேன். இறங்க முடியவில்லை. அலைகள் கரைச்சுவரில் அடித்துக் கண்ணாடியெல்லாம் நனைந்தது. நானும் உள்ளே இருந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலோ சாவு வீட்டிலோ அப்படி அழவில்லை. அங்கே எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பாறை உச்சியில் ஒரு சிறிய தேநீர்க் கடை. என் வயதுதான் இருக்கும் அந்தக் கடைக்காரிக்கு. “தனியாகவா வந்தீர்கள்?” என்று கேட்டார்.

“இல்லை, கணவர் காரில் இருக்கிறார்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. அவர் இரண்டு கோப்பைகளில் ஊற்றி, காற்றில் ஆறாமலிருக்க ஒன்றைத் தட்டால் மூடித் தந்தார். சிந்தாமல் கொண்டுபோய், மூடிய கோப்பையை உங்கள் பக்கம் வைத்தேன். காற்று காரை ஆட்டியது. பாறை முகத்தில் வெள்ளைப் பறவைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. என்னுடையதைக் குடித்துவிட்டு, இரண்டையும் திருப்பிக் கொண்டுபோனேன்.

நிறைந்திருந்த கோப்பையைப் பார்த்து, “அவருக்குப் பிடிக்கவில்லையா?” என்றார்.

“அவர் இறந்துவிட்டார்” என்றேன், ஆங்கிலத்தில். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கே கண்டியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது; யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “சீனி போட்டுக் குடிப்பாரா?” என்று கேட்டார்.

“நிறைய. டொக்டர் சொல்லியும் கேட்டதில்லை.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அழுதேன்.

மழையும் வெயிலுமாக மிச்சப் பாதையையும் ஓட்டி முடித்தேன். பாதை முழுக்க உங்களிடம் பேசிக்கொண்டே ஓட்டினேன். நீங்கள் நினைத்ததைவிட அழகு அது.

உங்கள் போனை நான் இன்னும் நிறுத்தவில்லை. சார்ஜ் போட்டு என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். பழகியவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். நேற்று புதிதாக ஒரு ஹோட்டல் பையன் அதில் அழைத்தான்.

“வான்கார ஐயா இருக்காங்களா?”

“இல்லப்பா” என்றேன். ஆங்கிலத்தில் அன்று சொன்னதை நம் பாஷையில் என்னால் சொல்ல முடியவில்லை. இல்லை என்று மட்டும்தான் வருகிறது.

“வந்தா சொல்லுங்கம்மா” என்றான்.

“சொல்றேன்” என்றேன்.

வெள்ளைக்காரத் தம்பதியாம். நுவரெலியாவுக்குப் போக வேண்டுமாம். அவசரமில்லையாம், மெதுவாக ஓட்டுகிற ஆள்தான் வேண்டுமாம்.